ஜி. டி. நாயுடுவும் எஞ்சின் எண்ணெயும்

கொள்ளேகால் இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1997-க்கு முன் அது மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கும் முன், 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறக்கும் வரையில், அது கோயமுத்தூர் மாவட்டத்துத் தாலுகாக்களுள் ஒன்று. பட்டுத் தொழிலை நம்பி மலை ஏறி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, எல்லைக்கோடு தங்களைக் கடந்து சென்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டன. அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்து கொள்ளேகாலில் வளர்ந்த நான், கோவை தந்த பொறியியல் மேதை ஒருவரை எங்கள் பழைய மாவட்டத்துக்காரர் என்று உரிமை கொண்டாடினால் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அவர் ஜி. டி. நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப் பெயர். அப்பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவன மின்சாரச் சவரக் கருவி, மலிவு விலை வானொலி, பப்பாளி, பருத்தி முதலியவை. ஆண்டு மலர்களில் அவரைப் பற்றி வரும் கட்டுரைகளும் இவற்றையே வரிசையாக அடுக்கி, இந்தியாவின் எடிசன் என்று பட்டம் சூட்டி முடிந்துவிடுகின்றன. ஆனால் அவருடைய வாழ்க்கையில் 24 ஆண்டுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்ட தொழில் வேறொன்று. அது பஸ் ஓட்டும் தொழில். பின்னாளில் அவர் செய்த கொடைக்கும் சோதனைக்கும் பணமும் பழக்கமும் அதிலிருந்தே கிடைத்தன. பஸ் நடுவழியில் நில்லாமல் ஓடினால்தான் அத்தொழில் நிலைக்கும். பஸ் நில்லாமல் ஓட, அதன் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் நல்ல நிலையில் இருக்க வேண்டும். நம் விடுதி முற்றத்தில் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களின் அடியில் சொட்டியிருக்கும் கறுப்புப் புள்ளிகளைக் கண்டவர்கள், இது மாணவர் இதழில் பேசத்தக்க பொருளே என்று ஒப்புக்கொள்வார்கள்.

நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. ஆசிரியர்மீது மண்ணை வாரி எறிந்த கதை கோவைப் பக்கம் இன்றும் சொல்லப்படுகிறது. தொடக்கக் கல்வியோடு நின்றவர், தமிழ் நூல்களைத் தாமே படித்துக்கொண்டார்.

அக்காலத்துச் சிற்றூரில் ஒரு சிறுவன் நாள்தோறும் காணக்கூடிய இயந்திரங்கள் எவை? கவலை ஏற்றம், செக்கு, மாட்டு வண்டி, இவ்வளவே. இவற்றுள் மாட்டு வண்டியின் அச்சுக்கு வண்டி மை போடுவார்கள். வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் குழைத்த அந்தக் கறுப்பு மையை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பதும் உண்டு. மை காய்ந்துவிட்டால் அச்சு கிறீச்சிடும். மாடு அதிகம் இழுக்க வேண்டிவரும். குடம் தேயும். இரும்பும் இரும்பும் நேருக்குநேர் உரசக் கூடாது, இடையில் வழுக்கும் பொருள் ஒன்று வேண்டும் என்பதை நம் உழவர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வியப்பு என்னவென்றால், மேலை நாட்டிலும் முதல் மோட்டார்க்காரர்கள் அதே ஆமணக்கைத்தான் நாடினார்கள். 1909-இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு நிறுவனம் ஆமணக்கெண்ணெய் கலந்த எஞ்சின் எண்ணெய் ஒன்றை விற்கத் தொடங்கி, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே காஸ்ட்ரால் என்று அதற்குப் பெயர் வைத்தது. ஆமணக்கெண்ணெய் சூட்டிலும் உலோகத்தை விடாமல் பற்றும். அதன் குறை, நாளடைவில் பிசினாக இறுகிவிடும். அதனால்தான் மண்ணிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் பின்னர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கலங்கலுக்கு ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடிய அந்த வண்டி இளைஞர் துரைசாமியின் உறக்கத்தைக் கெடுத்தது. வீட்டை விட்டுக் கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். காசைச் சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்து பெருமை அடித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தரையில் பரப்பினார், திரும்பப் பூட்டினார். நம்மில் பலர் மூன்று ஆண்டு கடனில் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டு, எண்ணெய் மட்டத்தைக் காட்டும் கண்ணாடித் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் அறியாமல் ஓட்டுகிறோம்!

இதற்குப் பின் பருத்தித் தொழிலில் ஈடுபட்டு நிறைய ஈட்டியதும், பம்பாய்ப் பருத்திச் சந்தையில் அதை இழந்ததும் தனிக் கதை. அதைத் தாண்டி 1920-க்கு வருவோம்.

அவ்வாண்டில், கோவையின் பெருந்தொழிலதிபராகிய ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியால், தவணைமுறையில் பணம் கட்டும் ஏற்பாட்டில், நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். வழி உடுமலைப்பேட்டை வழி. தூரம் ஏறத்தாழ 40 மைல். தார் காணாத சாலை. தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் காவடிக் கூட்டம் அலைமோதும். ஒரே மனிதர் ஓட்டுநர், அவரே பழுது பார்ப்பவர், அவரே கடன்காரர். இந்நிலையை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் எஞ்சின் பேணுவது அவருக்கு எத்தகைய பொருளுடையது என்பது விளங்கும். பஸ் ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய வசூல் இல்லை. தவணை நாள் மட்டும் தவறாமல் வந்துவிடும்.

அன்றைய எஞ்சின்களை இன்றைய எஞ்சின்களோடு ஒப்பிட்டு எண்ணிவிடக் கூடாது. 1908 முதல் 1927 வரை உலகெங்கும் விற்ற ஃபோர்டு டி மாடல் காரை எடுத்துக்கொள்வோம். அதில் எண்ணெயைத் தள்ளும் பம்பு இல்லை, வடிகட்டி இல்லை, அளவு பார்க்கும் கம்பியும் இல்லை. சுழலும் சக்கரம் எண்ணெயை வாரி இறைக்கும். அது குழாய் வழியே முன்புறம் ஓடி, தெறித்து, பாகங்களை நனைக்கும். மட்டம் பார்க்க அடியில் இரண்டு திருகுகுழாய்கள் இருந்தன. வண்டிக்கு அடியில் குனிந்து அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். மேல்குழாயில் ஒழுகினால் எண்ணெய் மிகுதி. கீழ்க்குழாயிலும் ஒழுகாவிட்டால் ஆபத்து. எண்ணெயை வடிகட்டும் கருவி அமெரிக்காவில் 1923-இல்தான் வந்தது. எண்ணெயிலும் அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ளும் இரசாயனக் கலவைகள் அப்போது கிடையா. அவை 1930-களிலும் 1940-களிலுமே பரவின. ஆகவே சாலைப் புழுதியும் எரிபொருளின் கரியும் எண்ணெயில் சேர்ந்து, சேறாகி, எஞ்சினின் அடித்தொட்டியில் படியும். சில நூறு மைல்களுக்கு ஒருமுறை வடித்துப் புது எண்ணெய் ஊற்றாதவனுடைய எஞ்சின் அவனைக் கைவிட்டுவிடும். கொங்குநாட்டுச் செம்புழுதியில் ஓடிய பஸ் எத்தகைய கவனிப்பைக் கேட்டிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

இவ்விடத்தில் விஞ்ஞான மாணவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சொல்லிவிட ஆசைப்படுகிறேன். எண்ணெய் வழுக்குவதால் உராய்வு குறைகிறது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் எண்ணியிருந்தனர். 1883-இல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்பவர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறம் ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போகாமல் துளை வழியே மேலே பொங்கி வந்தது. மரத்தக்கை கொண்டு அடைத்தார். தக்கை மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது! சுழலும் அச்சு, தன்னோடு ஒட்டிய எண்ணெயைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, அங்கே பேரழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்த அழுத்தமே அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். ஆக, ஓடும் எஞ்சினில் கிராங்கு அச்சு பேரிங்கைத் தொடுவதே இல்லை. தலைமயிரின் பருமனில் பல பங்குகளில் ஒரு பங்கே ஆன எண்ணெய்ப் படலத்தின்மேல் அது மிதக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. அப்படலம் ஓரிரு நிமிடம் அறுந்தால் போதும், உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும். பட்டறைக்காரர்கள் எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்று கைவிரிப்பது அதன் பின்னர்தான்.

உராய்வைத் தடுப்பதோடு எண்ணெயின் வேலை முடிந்துவிடுவதில்லை. தண்ணீர் எட்டாத பிஸ்டனின் அடிப்புறத்துச் சூட்டை வாங்கிக்கொண்டு போவது அது. பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தை அடைத்து, வெடிக்கும் வாயு கீழே கசியாமல் காப்பதும் அது. கரியையும் உலோகத் துகளையும் கழுவி எடுத்துச் செல்வதும், நிற்கும் வண்டியின் உள்ளுறுப்புகள் துருப்பிடிக்காமல் போர்த்தியிருப்பதும் அதுவே.

நாயுடுவின் ஒரு பஸ் பலவாகப் பெருகியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யூ. எம். எஸ்., என்ற அவருடைய நிறுவனம் நாட்டின் மிகத் திறமையான பஸ் நிறுவனங்களுள் ஒன்று என்று பெயரெடுத்தது. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேரும் என்ற நம்பிக்கையை மக்கள் யூ. எம். எஸ். பஸ்மீது வைத்தனர். மாட்டு வண்டியில் பொழுதைக் கணக்கிட்டுப் பழகிய ஊரில் இது சிறிய செய்தியன்று. நேரம் தவறாத பஸ்ஸுக்குப் பின்னால் நேரம் தவறாத பட்டறை ஒன்று இருந்தே தீர வேண்டும். என் கருத்தில், நாயுடுவின் கண்டுபிடிப்புகள் எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடமாக அமைந்தது அந்தப் பட்டறைதான். இயந்திரம் எங்கே தேய்கிறது, எங்கே சூடாகிறது, எங்கே தளர்கிறது என்பதை ஆயிரம் முறை கண்டவருக்கே அதைவிட நல்லதொன்றைச் செய்யும் எண்ணம் உதிக்கும். மேதைமை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் பொருளில் பெரும்பகுதி இத்தகைய பேணும் பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊரிலிருந்து கோவைக்குப் போகும் நெடுஞ்சாலை சாமராஜநகர், ஆசனூர் வழியாகச் சென்று திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பண்ணாரிக்கு இறங்குகிறது. என் மாமா ஒருவர் அவ்வழியில் சிறு சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஒருமுறை ஒரு பட்டறையில் எண்ணெய் மாற்றினார்கள். அடித்தொட்டியின் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடாமல், நசுங்கிய பழைய வாஷரையே போட்டு இறுக்கிவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக எண்ணெய் போய்க்கொண்டே இருந்தது. சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. திம்பத்தின் ஏற்றத்தில் வண்டி வளைவுதோறும் சாயும்போது எண்ணெயும் ஒரு பக்கம் ஒதுங்கிற்று. பம்பின் வாய் காற்றை உறிஞ்சிற்று. சிவப்பு விளக்கு மின்னி மறைந்தது. மாமா மறுநொடியே எஞ்சினை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஒலிப்பானை அலற விட்டதை அவர் பொருட்படுத்தவில்லை. 2 லிட்டர் எண்ணெயோடு செலவு முடிந்தது. அடுத்த வளைவு வரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தால் கிராங்கு, பேரிங்கு எல்லாம் போய், அவ்வாண்டு வருமானமே அதற்குச் சரியாகியிருக்கும்.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. பெட்ரோல் குறைந்ததைக் காட்டும் விளக்கைப் போல, இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று அதையும் கருதிவிடுகிறார்கள். அது காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை, அளவை அன்று. அது எரியும்போது அழுத்தம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். ஓடும்போது எரிந்தால் ஓரம் கட்டி நிறுத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. அளவைப் பார்ப்பதற்கு அளவுக்கம்பி இருக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, கம்பியை உருவித் துடைத்து, மறுபடி நுழைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு இடையே எண்ணெய் நிற்க வேண்டும். கூடுதலாக ஊற்றுவது நல்லதென்று நினைப்போரும் உளர். மட்டம் மீறினால் சுழலும் கிராங்கு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. அதனால் பேரிங்கைத் தாங்க முடியாது.

கம்பியில் ஒட்டிய எண்ணெய் பல செய்திகளைச் சொல்லும். கறுத்திருந்தால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. இக்காலத்து எண்ணெய் அழுக்கைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்வதால் கறுக்கிறது. டீசல் எஞ்சினில் சில நாளிலேயே கறுத்துவிடும். நிறத்தைவிடக் கிலோமீட்டர்க் கணக்கும் மாதக் கணக்குமே நம்பத்தக்கவை. ஆனால் பால் கலந்த காப்பியின் நிறம் கண்டால் கவலைப்பட வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். பெரும்பாலும் சிலிண்டர்த் தலையின் கேஸ்கட் போயிருக்கும். பெட்ரோல் வாடை அடித்து எண்ணெய் நீர்த்திருந்தால் எரிபொருள் கீழே கசிகிறது. விரலில் தேய்க்கும்போது மினுமினுக்கும் துகள் தட்டுப்பட்டால் உள்ளே ஏதோ தேய்கிறது.

புகைபோக்கியில் நீலப்புகை வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது என்பார்கள். சரியான சொல்தான்! தேய்ந்த ரிங்குகளையோ வால்வுத் தண்டின் சீலையோ தாண்டி எண்ணெய் எரியும் அறைக்குள் புகுந்து எரிகிறது. வாரந்தோறும் கால் லிட்டர் ஊற்றிக்கொண்டே காலம் தள்ளுவோரைப் பார்க்கிறேன். ஊற்றாமல் விடுவதைவிட அது மேல். ஆயினும் பழைய எண்ணெயின்மேல் புதியதை ஊற்றுவது எண்ணெய் மாற்றுவதாகாது. அடியில் படிந்த சேறு அங்கேயே இருக்கும். எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கும்போது முழுவதும் வடித்து, வடிகட்டியையும் மாற்றி, புது வாஷர் போட்டு முடுக்குவதே முறை. இன்றைய கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அது கெடு. மோட்டார் சைக்கிளுக்குக் கெடு குறைவு. வண்டியோடு வந்த கையேட்டில் அது இருக்கும். ஓடாமல் நின்ற வண்டிக்கு மாற்றத் தேவையில்லை என்பதும் பிழை. குறுந்தூரமே ஓடும் வண்டியில் எண்ணெய் நன்கு சூடேறாது. எரிதலில் பிறக்கும் நீராவி ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிச் சேறாக மாறும். விடுதியிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து தேநீர்க் கடைக்கும் மட்டும் ஓடும் நம் வண்டிகளை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

எண்ணெய் டப்பாவில் 20டபிள்யூ-40 என்பது போன்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெயின் பாகுத்தன்மையை இப்படி எண்ணால் குறிக்கும் வழக்கத்தை அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் கழகம் 1911-இல் ஏற்படுத்தியது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக இருந்தால் குளிரிலும் எண்ணெய் விரைந்து ஓடும். பின்னுள்ள எண் கொதிநீர்ச் சூட்டில் அதன் தடிப்பைச் சொல்லும். நாயுடு பஸ் ஓட்டிய நாளில் ஒற்றை எண் எண்ணெய்தான். இரட்டை எண் எண்ணெய் பரவியது 1950-களில். இங்கே மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் எண்ணெயை அதில் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சு தகடுகளும் அதே எண்ணெயில்தான் நனைந்திருக்கின்றன. காருக்கென்று உராய்வு குறைக்கும் மருந்து சேர்த்த எண்ணெய் பட்டால் கிளட்சு வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவதும் கூடாது. அது நம் நாட்டு விதிகளின்படி தீங்கு தரும் கழிவு. எங்கள் ஊர்ச் சாக்கடை கடைசியில் காவிரிக்குப் போகிறது. அதே காவிரியைத்தான் மேட்டூருக்குக் கீழே தமிழ்நாடு குடிக்கிறது.

நாயுடுவிடம் திரும்புவோம். 1930-களில் அவர் ஐரோப்பா சென்றார். ஜெர்மானியத் தொழிற்சாலைகள் அவரைக் கவர்ந்தன. 1936-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை இலண்டனில் தாமே படம் பிடித்தார். உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய ராசன்ட் சவரக் கருவி அவர் ஜெர்மனியோடு கொண்ட தொடர்பில் பிறந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டார் உருவாக்கினார். கோவை இன்று பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊராக இருப்பதற்கு அது ஒரு தொடக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அருகிற்று. மரக்கரி வாயுவில் ஓடும்படி பஸ்களை மாற்றினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தின் கரிவாயுக் கருவி அந்நாளில் புகழ்பெற்றது. பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு ஒன்று புகைந்துகொண்டு வந்த காட்சியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாயுவோடு வரும் சாம்பல்தூள் முழுதும் வடிகட்டப்படாமல் எஞ்சினுக்குள் போய் எண்ணெயைக் கெடுத்தது. பட்டறையில் இருந்தவர்களுக்கு வேலை இரட்டிப்பாயிற்று.

1944-இல் நாயுடு தம் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்க்கு உதவித் தொகை, தொழிலாளர் நலத் திட்டங்கள் எனப் பெருந்தொகை ஒதுக்கினார். அடுத்த ஆண்டே, சென்னை மாகாணக் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் தொழிற்கல்லூரி எழ வழிசெய்து, அதன் முதல்வராகவும் அமர்ந்தார். அதுவே வளர்ந்து கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது.

அங்கே அவருக்கும் அரசுக்கும் கருத்து வேறுபட்டது. பொறியியல் கற்க நான்கு ஆண்டு எதற்கு என்று அவர் கேட்டார். இரண்டிரண்டு ஆண்டுப் படிப்புகளாகப் பிரித்து, மாணவனை விரைவில் இயந்திரத்தின் முன் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் திட்டம். அரசு இசையவில்லை. அவர் விலகிவிட்டார். பட்டமேற்படிப்பில் இருக்கும் நான் அவர் பக்கம் முழுதும் சாய முடியாது. ரெனால்ட்ஸின் சமன்பாட்டை இரண்டு ஆண்டில் ஒருவனுக்குப் புகட்டிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அச்சமன்பாட்டைக் கரும்பலகையில் தீர்க்கத் தெரிந்த எங்கள் வகுப்பில், டிரெயின் போல்ட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று தெரிந்தவர்கள் மிகச் சிலரே. நாயுடு இன்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் முதலில் எதைக் கேட்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இந்த நாட்டிலேயே மலிவாக ஒரு கார் செய்துவிட வேண்டும் என்பது அவர் கொண்ட பேராசை. 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கிக் காட்டினார். விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் தர மறுத்தது. அத்தோடு நின்றது அக்கார். உரிமம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது வீண். ஆனால் நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற சிறு காருக்காக நம் மக்கள் 1983 வரை, மாருதி வரும் வரையில், காத்திருந்தார்கள் என்பதையும் எழுதத்தானே வேண்டும்? வரிகளையும் கட்டுப்பாடுகளையும் எதிர்த்து, தாம் செய்த பொருள்களைத் தாமே மக்கள் முன் உடைத்து நொறுக்கிய அவர் சினம் எங்கிருந்து வந்தது என்பது இதைக் கொண்டு ஓரளவு புரிகிறது. இயந்திரத்தைப் பேணுவதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர், தம் கையாலேயே இயந்திரத்தை உடைக்க நேர்ந்தது எவ்வளவு கொடுமை!

1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவினாசிச் சாலையில் அவர் பெயரால் தொழில்நுட்பக் கண்காட்சி நடைபெறுகிறது. அதன் அருகே 2015-இல் பழங்கார்களின் காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. அதே சாலையில் 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

நம் மன்றத்தின் இவ்வாண்டுச் சுற்றுலாவைக் கோவைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொள்ளேகால் வழியாகப் போனால் எங்கள் வீட்டில் காலை உணவு. திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பகலிலேயே மலையைக் கடந்துவிட வேண்டும். வாடகை வண்டி பேசும் பொறுப்பை யார் ஏற்றாலும் சரி, புறப்படும் முன் ஓட்டுநர் அண்ணனிடம் சொல்லி அளவுக்கம்பியை ஒருமுறை உருவிப் பார்க்கும் வேலையை எனக்கு விட்டுவிடுங்கள்.